பரியா சட்டை

"உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்று மாண்ட்ரியலில் யாரும் அழகேசனிடம் நேராகக் கேட்டதில்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். வீட்டில் கறி சமைப்பீர்களா, குலதெய்வம் எது, கல்யாணம் எந்தக் கோயிலில் நடந்தது என்று. விழுப்புரம் பக்கத்தில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு படித்து, மாணவராக இங்கே வந்து தங்கிவிட்டவர் அவர். இந்தக் கேள்விகளுக்குச் சிரித்து மழுப்பப் பழகியிருந்தார். பறையர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. சொன்ன பிறகு எதிரில் இருப்பவர் முகம் மாறுமே, அதைப் பார்க்கத்தான் அருவருப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சாதியைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அந்தக் குரல் இன்னொரு தரம் காதில் விழவேண்டாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தது.

டவுன்டவுனில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் அவருக்கு வேலை. விளையாட்டில் வரும் வசனங்களைப் பல மொழிகளில் மாற்றுவார்கள். பிரெஞ்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பவர் அழகேசன். மேலாளர் ஆனந்தகிருஷ்ணன் மயிலாப்பூர்க்காரர், இங்கே வந்து தலை நரைத்தவர், தங்கமான மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவர் மனைவி ரமாவிடம்தான் அழகேசனின் மகள் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். சனிக்கிழமையானால் அப்பாவும் மகளும் லவாலில் இருக்கும் மாமி வீட்டுக்கு மெட்ரோ ஏறிவிடுவார்கள். பள்ளியில் பிரெஞ்சு, தோழிகளோடு ஆங்கிலம் என்று இருக்கிற பிள்ளை, விரும்பித் தமிழில் வாய் திறப்பது அந்த வீட்டில் மட்டும்தான். ரமா மாமி என்றால் அவளுக்கு உயிர். அந்தக் கதவு மூடிவிடக் கூடாதே என்பதுதான் அழகேசனின் கவலை.

கம்பெனி புது விளையாட்டுக்கு 'பரியா' என்று பெயர் வைத்தது. ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவன் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பழிவாங்கத் திரும்பி வருகிறான், அதுதான் கதை. பெயர் எல்லா மொழியிலும் எடுபடுமா என்று பார்க்க ஒரு கூட்டம் போட்டார்கள். ஆங்கிலக்காரர், தங்கள் மொழியில் அது யாரும் கைகுலுக்க விரும்பாத நாடுகளுக்குச் சொல்வது என்றார். கொஞ்சம் அரசியல் வாடை அடிக்குமாம், பரவாயில்லையாம். ஸ்பானியப் பெண்ணுக்கு அது ஏழை எளியவர்களின் சொல். கேட்டாலே கொடி பிடிக்கத் தோன்றும் என்றாள். அது பேராசிரியர்கள் வாயில்தான் வரும் என்று ஜெர்மன்காரர் உதட்டைப் பிதுக்கினார். பிரெஞ்சுப் பிரிவின் தலைவி மார்கோ கண்ணையே மூடிக்கொண்டாள்.

"எங்களுக்கு அது அழகான சொல். தனிமை, காதல், யாருக்கும் புரியாத ஒரு மேன்மையான ஆத்மா!"

அழகேசனுக்கு அந்தச் சொல்லின் பிறப்பு தெரியும். போர்த்துக்கீசியர்கள் நம் கரையிலிருந்து மிளகோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போன சொல் அது. பறையர் என்ற சனத்தின் பெயர். அது ஐரோப்பா முழுக்க ஊர்சுற்றி, போன இடத்திலெல்லாம் ஒரு புதுப் பொருளைத் தேடிக்கொண்டு சொகுசாக இருக்கிறது. பெயருக்குச் சொந்தக்காரர்கள் மட்டும் அதே தெருக்கோடியில், அதே குழாயடியில் நிற்கிறார்கள். மேன்மையான ஆத்மாவாம். த்தூ.

"இது உங்கள் மொழிச் சொல்தானே?" என்று மார்கோ ஆனந்தகிருஷ்ணனைக் கேட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாம், தமிழ்! பறை என்பது எங்களுடைய தொன்மையான மேளம். அதிலிருந்து வந்தது" என்றார். சாதி என்ற பேச்சே வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் இன்னும் கொஞ்சம் உற்சாகம் வந்து, பழைய அர்த்தமெல்லாம் எப்போதோ கழுவிப் போய்விட்டது, இப்போது இது உங்கள் சொல் என்று தாரை வார்த்தும் கொடுத்துவிட்டார்.

"என்ன அழகேசன், சரிதானே?"

அழகேசன் மகளை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகு அன்று முழுக்கத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

விளையாட்டு வெளியான நாளன்று ஆளுக்கொரு தொப்பி வைத்த கறுப்புச் சட்டை, ஹூடி, கொடுத்தார்கள். நெஞ்சில் பெரிய வெள்ளை எழுத்தில் 'பரியா'. எல்லோரும் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். ஆனந்தகிருஷ்ணன் மட்டும் தன் நீலச் சட்டையோடு ஓரமாக நின்றார். புழுக்கமாக இருக்கிறது என்று மார்கோவிடம் சொன்னார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்து முடிந்ததும் தன் பங்கு ஹூடியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு அழகேசனின் மேஜைக்கு வந்தார்.

"இதையும் நீங்களே வச்சுக்கங்க."

"ஏன் சார், உங்களுக்கு வேண்டாமா?"

அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். நம்ம ஆள்தானே என்ற நினைப்பில் வீட்டுப் பேச்சு தானாக வந்துவிட்டது. "நெஞ்சுல இந்தப் பேரை எழுதிண்டு ஆத்துக்குள்ள நுழைய முடியுமா? ரமா வாசல்லயே நிக்க வெச்சுடுவா. இவாளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போறது?"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். கழுவிப் போய்விட்டது என்றாரே, அத்தனையும் அந்த இரண்டு விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசலைத்தான் வாரம் தவறாமல் தன் மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடித் தாண்டுகிறாள் என்று அழகேசன் நினைத்தார். எந்தக் கதவு மூடிவிடுமோ என்று பயந்தாரோ, அந்தக் கதவு அவர்களுக்காகத் திறந்ததே இல்லை. தெரியாமல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

"அது எங்க சாதி சார்" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை.

ஆனந்தகிருஷ்ணன் சட்டென்று நிமிர்ந்தார். முகம் மாறியது. எந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டாம் என்று கடல் தாண்டி வந்தாரோ, அதே மாற்றம். பிறகு சமாளித்துக்கொண்டு அன்பாகவே சொன்னார்:

"நீங்களா? சேச்சே! உங்களைப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே!"

அழகேசன் எழுந்தார். ஹூடியை உதறி விரித்து, அதன் கழுத்துப் பகுதியை அவர் தலைக்கு நேராகப் பிடித்தார். மார்கோவும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போட்டுக்கங்க சார். உங்களைப் பார்த்தா தெரியுதான்னு பார்க்கலாம்."