துவக்கின் ஆனிமா

இத்தாலியனில் நான் முதலில் படித்த சொற்கள் எல்லாம் கோயிலில் படித்தவை. பூசையில் பாதிரியார் சொல்வதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். பாண் வாங்கவும் பஸ்ஸுக்கு வழி கேட்கவும் தெரியாத காலத்திலேயே பாவம், மன்னிப்பு, ஆனிமா என்ற மூன்று சொல்லும் எனக்குத் தெரியும். ஆனிமா என்றால் ஆத்துமா. அதற்கு வேறொரு பொருளும் இருக்கலாம் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

தொண்ணூறுகளில் இத்தாலியின் தெற்கே ஒரு பட்டினத்தில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு கிழவர் வீட்டில் தங்கி வேலை செய்தேன். மனைவி இறந்து, பிள்ளைகள் வடக்கே போய், கை நடுக்கத்தோடும் வாய்த் துடுக்கோடும் தனியே கிடந்த மனிதர். காலையில் கோப்பியில் குறை, மத்தியானம் பஸ்தாவில் குறை. கோயில் மணி அடித்தால் யன்னலைச் சாத்தச் சொல்லுவார். அப்படிப்பட்டவர், உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை, குசினி மேசையில் தலையைத் தாங்கிக்கொண்டு சொன்னார்: "ஆனிமா முழுக்கத் துருப்பிடித்துப் போய்விட்டது. நான் சாகிறதுக்கு முன் அதைத் துப்பரவாக்க வேண்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் மனந்திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே பங்குக் கோயிலுக்கு ஓடி, எங்கள் சிஞ்ஞோர் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆசைப்படுகிறார், ஆள் கடைசிக் காலத்தில் இருக்கிறார் என்று பாதிரியாரிடம் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

அடுத்த நாள் பாதிரியார் கழுத்தில் பட்டியும் கையில் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் மந்திரித்த எண்ணெயுமாக வந்து சேர்ந்தார். நான் கதவைத் திறந்து குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மேசை நிறையக் கடதாசி விரித்து, அதன்மேல் ஒரு நீளத் துவக்கை வைத்துக்கொண்டு கிழவர் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் கட்டடத்துக் காவலாளி நிலவறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பொதியை யன்னல் சீலைக் கம்பி என்று நினைத்து நான்தான் மூலையில் சாத்தி வைத்திருந்தேன்.

கிழவர் எண்ணெய்ச் சிமிழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "எண்ணெய் தேவைதான், பாத்ரே. ஆனால் இந்த எண்ணெய் இல்லை" என்றார். பாதிரியாரும் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். துவக்குக் குழலின் உள்ளே ஓடும் துவாரத்துக்கும் ஆனிமா என்றுதான் பெயர் என்று அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார்.

ஒன்றுமே இல்லாத ஓட்டைக்கா அந்தப் பெயர் என்று கேட்டேன். ஒன்றுமே இல்லாததுக்குத்தான் என்றார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

அது கிழவரின் தகப்பன் பழைய யுத்தத்தில் சுமந்த துவக்கு. சுடமுடியாதபடி அதன் ஊசியை எப்போதோ கழற்றிப் பத்திரமும் எடுத்திருந்தார்கள். நிலவறையில் மழைத் தண்ணீர் நின்றதில் குழல் உள்ளே துருவேறிக் கிடந்தது. "சுடவும் முடியாது, உள்ளே இருப்பது யாருக்கும் தெரியவும் தெரியாது, பிறகு ஏன்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றார். பிறகு நடுங்கும் கைகளை நீட்டிக் காட்டி, "இது முடியாது. நீதான் செய்ய வேண்டும்" என்றார்.

மாட்டேன் என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதலாவது மாட்டேன் அதுதான். அவர் கோபிக்காமல் ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் துண்டு துண்டாகச் சொன்னேன். என் தம்பி. துவக்கு. காடு. கதை இல்லை.

அவன் பள்ளிக்கூடச் சீருடையோடு இயக்கத்துக்குப் போனவன். மன்னாரிலிருந்து நான் வெளிக்கிட்டதற்குப் பிறகு அவனைப் பற்றி உறுதியான ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை. பார்த்தேன் என்று ஒருவர் சொல்லுவார், அது அவனில்லை என்று இன்னொருவர் சொல்லுவார்.

கிழவர் துவக்கை என் பக்கம் தள்ளினார். "அப்படியானால் உன் தம்பியும் ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்வான்" என்றார். "செய்யாவிட்டால், தேவையான நேரம் அது அவனைக் கைவிட்டுவிடும்."

அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துபோனேன். என் தம்பி தின்ற கோப்பையைக்கூடக் கழுவாதவன். சோறு காய்ந்து ஒட்டிய கோப்பையைக் கிணற்றடியில் போட்டுவிட்டு ஓடிவிடுவான். நான் திட்டித் திட்டிக் கழுவுவேன். அவனா துவக்குக் கழுவுவான்? அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அன்றே எங்கள் ஊர்ப் பக்கத்து மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். இந்தக் குழலை ஒரு கறுப்புப் பொட்டும் இல்லாமல் துப்பரவாக்கித் தருகிறேன், நீ என் தம்பியை உயிரோடு வைத்திரு என்று கேட்டேன்.

பிறகு நான் வேலைக்காரியாக அதைச் செய்யவில்லை. பிரான்காச்சோவுக்கு பஸ் ஏறிப்போய், ஒரு சின்னப் பட்டறையில், குழலுக்கு அளவான பித்தளைத் தூரிகையும் நீளக் கம்பியும் வாங்கி வந்தேன். குழலின் வாயைத் தக்கையால் அடைத்து, பின்பக்கத்தால் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைப்பேன். தக்கையை எடுத்தால் தேயிலைச் சாயம் போல வடியும். பிறகு தூரிகையைப் பின்பக்கத்தால் விட்டு வாய்வரை தள்ளி இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தவோ திருப்பவோ கூடாது. நிறுத்தினால் கிழவர் கத்துவார். கடைசியில் பழைய சட்டைத் துண்டைக் கம்பியில் சுற்றி விட்டால் செம்மண்ணாக வரும். என் நல்ல உடுப்புகள் ஒவ்வொன்றாகக் கறைபிடித்துப் பழுதாயின. என் கையில் மண்ணெண்ணெய் மணம் போகவே இல்லை.

ஓய்வு நாளான வியாழக்கிழமைகளில் பல்லரோவில் மன்னார் அக்கா ஒருவரின் அறையில்தான் இருப்பேன். அவர் என் கையை மணந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்சை வந்து துவக்குக் கழுவுறாய். உனக்கென்ன விசரே பிள்ளை?"

"ஓம் அக்கா, விசர்தான்" என்றேன். நேர்த்தியை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்று பயம்.

சிறொக்கோ காற்று அடித்து வீடெல்லாம் புழுதியாகக் கிடந்த ஒரு நாள், துணி முதல்முறையாக வெள்ளையாகவே வெளியே வந்தது. கிழவர் யன்னல் பக்கம் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடிக்கச் சொல்லிப் பின்பக்கத்தால் எட்டிப் பார்த்தார். "முடிந்தது. எவ்வளவு அழகு, பார்" என்று என்னைக் கூப்பிட்டார்.

நானும் பார்த்தேன். வெளிச்சம் உருண்டையாக நின்றது. உள்ளே, குண்டைச் சுழற்றிவிட வெட்டிய வரிகள் சுருண்டு சுருண்டு பளபளத்துப் போயின. அந்தப் பளபளப்பு முழுக்க, அம்மைத் தழும்பு மாதிரி, கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள்.

"இன்னும் கறுப்பு இருக்கிறது" என்றேன்.

"அது துரு இல்லை. துரு தின்ற இடம். துருவைத்தான் எடுக்கலாம், குழியை நிரப்ப முடியாது. விட்டுவிடு."

விட நான் யார்? நேர்த்தி வைத்தது ஒரு பொட்டும் இல்லாமல் என்று. அவர் மத்தியானம் படுத்ததும் கம்பியை எடுத்துவிடுவேன். மாதாவே, மாதாவே என்று இழுப்பேன். ஒரு நாள் பிடிபட்டேன். "வரிகளைத் தேய்த்து அழிக்கிறாய், முட்டாளே!" என்று கத்தித் தூரிகையைப் பறித்தார். நான் நிலத்தில் குந்தியிருந்து குழறி அழுதேன். ஒரு பழைய துவக்குக்காக ஒருத்தி ஏன் இப்படி அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

மடுவில் ஆவணித் திருநாள் நடக்க வேண்டிய கிழமை, பல்லரோவில் எங்கள் ஆள் ஒருவர் நடத்திய கடையிலிருந்து கொழும்பில் இருந்த மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் அவள் அழுதாள்.

"தம்பியின்ரை சங்கதி வந்திருக்கு மச்சாள். வன்னியிலை இருந்து வந்த ஆக்கள் சொல்லினம். அவன் இல்லையாம்."

"எப்பவாம்?"

"தபசு காலத்திலை. பெரிய வெள்ளிக்கு முன்னமாம்."

பெரிய வெள்ளிக்கு முன்னம். அப்போது அந்தத் துவக்கு இன்னும் நிலவறையில் கிடந்தது. நான் தூரிகை வாங்கவில்லை, நேர்த்தி வைக்கவில்லை. நான் உயிரைத் தா என்று கேட்ட நாளில் தருவதற்கு மாதாவிடம் அந்த உயிர் இருக்கவில்லை. அவ்வளவு நாளும் நான் யாருக்காகத் தேய்த்தேன்?

நேர்த்தியைப் பற்றி அப்போதுதான் அக்காவிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார்.

"அப்பிடியெண்டால் நீ அவன்ரை ஆத்துமத்தைத்தான் துப்பரவாக்கியிருக்கிறாய் பிள்ளை. நேர்த்தி வீண்போகேல்லை."

"எனக்கு அவன்ரை ஆத்துமம் வேண்டாம் அக்கா" என்று கத்தினேன். "எனக்கு அவன்தான் வேணும்."

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். அவனுடைய ஆத்துமாவுக்கு ஒரு பூசையாவது ஒப்புக்கொடுக்க வேண்டும். சனம் கலைந்தபின் பாதிரியார் கழுத்துப் பட்டியை மடித்துக்கொண்டு நின்றார். கிட்டப் போய், "பாத்ரே, ஆனிமா..." என்று தொடங்கினேன்.

அவருக்கு என்னை உடனே ஞாபகம் வந்தது. முகம் மலர்ந்தது.

"என்ன சிஞ்ஞோரா," என்று சிரித்தார், "இன்னும் துரு போகவில்லையா?"

அது இல்லை என்று நான் தலையாட்டினேன். அவர் சிரித்தபடி காத்துக்கொண்டு நின்றார். இது எந்த ஆனிமா என்று அவருக்குச் சொல்ல என்னிடம் இருந்த இத்தாலியன் போதவில்லை.