வால்வு மாப்பிள்ளை பள்ளிக்கூடம் பார்த்த கதை

வால்வு என்ற பெயர் என் காதில் முதலில் விழுந்தது தொலைபேசியில். என் தங்கை கூப்பிட்டு, "அக்கா, பொண்ணு ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு வந்து நிக்கிறா. வால்வுன்னு பேராம்" என்றாள். எதையும் பாதி கேட்டுவிட்டு மீதியை நானே முடித்துக்கொள்வது என் பழக்கம். பையனுக்கு நெஞ்சு வால்வில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, எங்கள் அப்பாவின் சித்தப்பா மகன் ஒருவர் அதே கோளாறோடு கல்யாணம் செய்து, பேரன் பேத்தி பார்த்து, மனைவிக்குப் பிறகுதான் போனார் என்று தங்கையைத் தேற்றினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர் பிளம்பர்க்கா. குழாயில இருக்கிற வால்வு" என்றாள்.

பெயர் வந்த காரணம் பிறகு தெரிந்தது. வேலைக்குப் போன புதிதில் வால்வை மூடாமல் ஒரு குழாயைக் கழற்றி, கீழ்வீட்டுக்காரர் செருப்பைத் தண்ணீரில் துழாவி எடுக்கும்படி செய்துவிட்டாராம். அன்று வாங்கிய திட்டு அப்படி. அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் வால்வைத் தேடிப் போய் மூடுவார். அப்புறம்தான் என்ன வேலை என்றே கேட்பார்.

தங்கை வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்று நானும் இருந்தேன். உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார். சமையலறையில் எங்கோ சொட்டுகிற சத்தம் கேட்டதும் எழுந்து போனார். நல்ல பிள்ளை, வெட்கப்படுகிறது என்று நான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குளியலறைக்குள்ளிருந்து தங்கை கத்துகிறாள். விருந்தாளி சீக்கிரம் வந்துவிட்டாரே என்று அவசரமாக முகம் கழுவப் போனவள், கண் முழுக்கச் சோப்பு நுரை, குழாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மாமியாரை மாப்பிள்ளை முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கோலத்தில். "மன்னிச்சுக்குங்க அத்தை, வாஷர் போயிருக்கு" என்றார். அவர்கள் பேச்சு இன்றுவரை அதற்கு மேல் பெரிதாக வளரவில்லை.

கல்யாணம் முடிந்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் அதற்குப் பூச்சி என்று பேர். சின்ன உருவம், ஓயாத வாய். தன் அம்மா என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவதைப் பார்த்து அதுவும் பெரியம்மா என்றே கூப்பிட்டது. முறை தப்பு என்று யாரும் திருத்தவில்லை. எனக்கும் வயசு குறைந்த மாதிரி இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

அந்தப் பூச்சியிடம் ஒரே ஒரு சங்கடம். வெளியே போனால் ஒன்றுக்குப் போகாது. கடையோ, உறவுக்காரர் வீடோ, ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் கழிப்பறை வாசலில் நின்று காலைப் பின்னிக்கொள்ளும். வீடு வந்து சேரும்வரை அடக்கும். ஒரு தடவை அப்படி அடக்கி அடக்கிக் காய்ச்சலே வந்துவிட்டது. டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இப்படியே விட்டா மறுபடியும் வரும். பள்ளிக்கூடம் போற வயசு வருது, பாத்துக்குங்க" என்றார்.

பள்ளிக்கூடம் என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் வரவேண்டும். அத்தனை நேரம் அந்தப் பிள்ளை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? வீட்டில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். நான் வைத்தியம் சொல்லவில்லை, வம்சம் சொன்னேன். எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி ரயிலில் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் அடக்கிக்கொண்டு வந்தாள், அது அந்தக் கிளையிலிருந்து வருகிறது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த யோசனை சொன்ன ஒரே ஆள் நான்தான்.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே இடம் சொல்லி வைக்கவேண்டும் என்று தங்கை மகள் பள்ளிக்கூடம் பார்க்கக் கிளம்பினாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள். எதையும் அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். அவளுக்கு ஆங்கிலம் வேண்டும், விளையாட்டு இடம் வேண்டும், வாசலில் காவலாளி வேண்டும். மாப்பிள்ளையிடம் கேட்டால் ஒரே பதில்.

"பாத்ரூம் பாக்கணும்."

"ஏங்க, பிள்ளை அங்க படிக்கப் போகுதா, குளிக்கப் போகுதா?"

"ஒண்ணுக்குப் போகணும்ல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்தை இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்லத் தெரியாத மனுஷன். அதனால்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். "நீங்க வந்தா அவர் வாயைத் திறக்க வேண்டியதில்ல பெரியம்மா. திறக்க இடமும் இருக்காது" என்றாள் தங்கை மகள். நான் மூன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்தவள். அப்படிப்பட்டவளைப் பள்ளிக்கூடம் தேர்ந்தெடுக்கக் கூட்டிப் போகிறார்களே என்ற பெருமையில், இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

முதலில் பார்த்தது பெரிய பள்ளிக்கூடம். வண்டியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை முன்னால் போனார். நல்ல சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் கால்சட்டைப் பையில் வழக்கம்போல ஸ்பேனர் நீட்டிக்கொண்டிருந்தது. காவலாளி அதைப் பார்த்துவிட்டு, "பைப் வேலையா? பின்பக்கமாப் போங்க, காலையிலேர்ந்து தேடிட்டிருக்காங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். இவரோ, "எங்க ஒழுகுது?" என்று கேட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டார். குடும்பத்தோடு நாங்களும் பின்னாலேயே போனோம். வழி தெரிந்த மாதிரி முதலில் போனது நான்.

உள்ளே எங்களை உட்காரவைத்துப் பெயரைக் கூப்பிட்டபோது, பூச்சியின் அப்பா ஏணியின் உச்சியில் இருந்தார். தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்து, "அவர் இங்க வேலை செய்யறவரா?" என்று கேட்டார். தங்கை மகளும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இப்போதைக்கு" என்றாள்.

அதுகூடப் பரவாயில்லை. பிள்ளையை அவர்கள் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். பக்கத்து அறையில் யாரோ ஃப்ளஷ் தொட்டியை இழுத்தார்கள். தண்ணீர் இடி மாதிரி இறங்கியது. பூச்சி என் கையை உதறிக்கொண்டு வராந்தா முழுக்க ஓடியது. அதைப் பிடிக்க நான் ஓடினேன். நல்ல சேலை காலில் சுற்றி, சுவரில் மாட்டியிருந்த உலகப்படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் என்னோடு வந்துவிட்டது. வீடு வரும்வரை பிள்ளை அடக்கிக்கொண்டது.  வண்டியில் நான், ரயிலில் வந்த சித்தியும் இப்படித்தான் ஓடுவாள் என்று ஆரம்பித்தேன். "பெரியம்மா" என்றாள் தங்கை மகள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் பார்த்தது சின்னப் பள்ளிக்கூடம். சைக்கிள் கடைக்குப் பின்னால் இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் காவலாளி இல்லை. தங்கை மகளுக்கு அங்கேயே பாதி மனசு விட்டுப்போயிற்று. "ஸ்பேனரை வண்டியில வச்சிட்டு வாங்க" என்றாள். வைத்துவிட்டுத்தான் வந்தார். நாங்கள் தலைமை ஆசிரியை அறைக்குப் போனோம். மாப்பிள்ளை, கழிப்பறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். என் வயசையும் சேலையையும் பார்த்து என்ன நினைத்தாரோ, "நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தீங்க?" என்று கேட்டார்.

"எங்க தெருக்கோடியில இருந்துச்சு. மூணாவது பாதியில வந்துட்டேன்" என்றேன்.

"எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தீங்க?"

"எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஏறல."

அவர் சிரிக்க ஆரம்பித்த நேரத்தில், மடியிலிருந்த பூச்சி என் முந்தானையை இழுத்தது.

"பெரியம்மா, உச்சா."

வெளியிடத்தில் அந்தப் பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. தங்கை மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பேச்சுக் கொடுத்தால் மனசு மாறிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். கழிப்பறையில் ஈ எறும்பு இல்லை, ஒரு சத்தமில்லை. பூச்சி உள்ளே வந்து, சுவரிலிருந்த தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்போட்ட நாயைப் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தது. அப்புறம் உட்கார்ந்தது. போயிற்று. எழுந்த பிறகு நான் பழக்கத்தில் தொட்டியின் பிடியை அழுத்திவிட்டேன். அழுத்தின பிறகுதான் ஐயையோ என்று இருந்தது. ஆனால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தண்ணீர் வரவில்லை. மூலையில் ஒரு வாளியில் தண்ணீர் இருந்தது. பிள்ளை தானே மொண்டு தானே ஊற்றியது.

நான் திரும்பி வந்த நடையைப் பார்த்தால் ஏதோ போரில் ஜெயித்து வந்தவள் என்று நினைப்பார்கள். "போயிட்டா" என்றேன். தங்கை மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்கேயே சேத்துடலாம் பெரியம்மா" என்றாள். இதெல்லாம் நான் கூட இருந்த ராசி, என் கை பட்டால் பிள்ளைகளுக்குப் பயம் தெளியும், என் பெரிய அத்தைக்கும் இந்தக் கைராசி இருந்தது என்று தலைமை ஆசிரியைக்கு எங்கள் வம்சத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

பெரிய அத்தையின் கல்யாணத்தைக்கூட நான் தொடவில்லை, வெளியே ஒரே கூச்சல். ஓவிய வகுப்புப் பிள்ளைகள் கையெல்லாம் நீலமும் சிவப்புமாகக் குழாயடியில் வரிசையாக நிற்கிறார்கள். எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து அப்படியே திறந்துவைத்திருக்கிறார்கள். ஒருவன் பொறுமையில்லாமல் கையைச் சுவரில் துடைத்துவிட்டான். அதைப் பார்த்து மற்றவர்களும் துடைத்தார்கள். ஆயா ஓடி வந்து, "காலையில மாடித் தொட்டி ரொம்பி வழிஞ்சுதும்மா. யாரு நிறுத்தினாங்கன்னு தெரியல" என்றாள்.

தங்கை மகள் மெதுவாக எழுந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. என் கைராசிக்கு ஆயுசு அவ்வளவுதான்.

கையில் ஸ்பேனரோடு மாப்பிள்ளை உள்ளே வந்தார். வண்டிக்குத் திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கிறார். "வராந்தாவுல ஒரு ஜாயின்ட் கசியுது. வால்வை மூடியிருக்கேன்" என்றார், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.

"யாரைக் கேட்டு மூடினீங்க?" என்றார் தலைமை ஆசிரியை.

"வேலைக்கு முன்னாடி மூடிடணுங்க."

"யாருங்க உங்கள வேலைக்குக் கூப்பிட்டது?"

 மாப்பிள்ளை மாடிக்கு ஓடிப்போய் வால்வைத் திறந்துவிட்டார். திறந்துவைத்த அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் இருமி, செருமி, பீய்ச்சி அடித்தன. இடைவேளையில் பிள்ளைகள் இழுத்துக் காலியாகக் கிடந்த கழிப்பறைத் தொட்டிகளுக்குள் தண்ணீர் சீறிக்கொண்டு இறங்கியது. நீலமும் சிவப்புமாகப் பிள்ளைகள் கூத்தாடினார்கள். பூச்சி மட்டும் வீறிட்டுக்கொண்டு என் கழுத்தில் ஏறிவிட்டது.

தங்கை மகள் பிள்ளையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். இறங்கி வந்த புருஷனையும் பார்த்தாள்.

"இவ இடத்துக்குப் பயப்படலங்க. சத்தத்துக்குப் பயப்படறா."

"நம்ம வீட்டுல போறாளே" என்றார் அவர்.

"நம்ம வீட்டுல ஃப்ளஷ் என்னைக்குங்க வேலை செஞ்சுது? இவ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து சொல்றேன். நாளைக்கு நாளைக்குன்னீங்க. வாளியில ஊத்தியே வளந்த பிள்ளைக்கு அது என்ன சத்தம்னு எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளை ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ஊரில் இருக்கிற தொட்டியையெல்லாம் சரி பண்ணுகிறவர். அவர் வாயைத் திறக்காத இடத்தில் பேசத்தானே என்னைக் கூட்டி வந்தார்கள்?  நானோ அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையை ரயிலோடு அனுப்பிவைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தலைமை ஆசிரியைதான் சிரித்தார். "வாளி அங்கேயே இருக்கட்டும். பிள்ளைக்குப் பழகுற வரைக்கும் ஊத்திக்கட்டும்" என்றார். பிறகு மாப்பிள்ளையிடம், "மூடினதுதான் மூடினீங்க, அந்த ஜாயின்டைப் பாத்துட்டுப் போங்க" என்றார். அவர் வால்வை மூட மறுபடியும் மாடிக்குப் போனார். இந்தத் தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே வீட்டுத் தொட்டியைச் சரி செய்தார். விளைவு, பிள்ளை வீட்டிலும் போகமாட்டேன் என்றுவிட்டது. தங்கை மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த மனுஷனுக்கு மூளை வேலை செய்தது. தொட்டிக்குள் மிதக்கிற பந்தைக் கீழே தாழ்த்தி, ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் நிற்கும்படி வைத்தார். பூச்சியையே இழுக்கச் சொன்னார். சிணுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளை சிரித்தது. அது பழகப் பழகப் பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் தொட்டி நிறைய நின்றது, பிள்ளையும் பயமில்லாமல் இழுத்தது. அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் ஆயா சொல்லி அனுப்பினாள்: உங்க பிள்ளை எல்லாத் தொட்டியையும் போய் இழுத்து இழுத்துக் காலி பண்ணுது, அவங்க அப்பாவைக் கண்டிக்கச் சொல்லுங்க என்று. அது யார் வழி வந்த குணம் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பூச்சி இப்போது படித்து முடித்து வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வால்வு மாப்பிள்ளையும் தங்கை மகளும் அவளோடு மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் குழாயில் தண்ணீர் நின்றால், முதலில் இவர்கள் கதவைத்தான் தட்டுகிறார்களாம்.