நான் நீக்க நினைத்த சாலை

1987, மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக ஆத்தூர் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

சென்னையில் நாங்கள் ஒரு கம்ப்யூட்டரில் மாநிலத்துச் சாலைகளையெல்லாம் ஏற்றியிருந்தோம். இரண்டு ஊர்களைச் சொன்னால் விரைவான வழியை அது சொல்லும். ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு வண்டிப்பாதையிலும் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் சொல்லும். விடைக்காகக் காத்திருந்தே அலுத்துப்போவோம். சிறு பாதைகளை நீக்கிவிடலாம் என்றேன் நான். "நீக்குமுன் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார் எங்கள் பேராசிரியர்.

பின்சீட்டில் தாடிக்கொம்புக்காரர் ஒருவர். சித்தையன்கோட்டையில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். அவர் வீட்டிலிருந்து அங்கே போக வழி கேட்டேன். தம் தெருவை ஒவ்வொரு திருப்பமாகச் சொன்னார். "அப்பறம் திண்டுக்கல்லு, செம்பட்டி" என்று ஒரே தாவல். பிறகு மகள் வீட்டுச் சந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவழியில் ஒரு சந்துகூட இல்லை! நான் நினைத்தது சரிதான் என்று பூரித்துப்போனேன்.

என் பக்கத்தில் சின்னாளபட்டி சரோஜா, மடியில் துணிப்பையோடு. ஆத்தூரில் தங்கைக்கு வளைகாப்பு. பிறந்த வீட்டுச் சுங்குடிச் சேலை அந்தப் பையில்.

"பத்தரைக்கு ராகு காலம் தாயி. அதுக்குள்ள வளையல் போட்டாகணும்."

செம்பட்டிக்கு முன்பே பஸ் புகைந்து நின்றது.

"செத்த நேரம் பொறுங்க, அடுத்த வண்டி வரும்" என்றார் டிரைவர். வரவில்லை. சரோஜா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரைபடத்தை விரித்தேன்.

"அக்கா, கொஞ்சம் முன்னால வலப்பக்கம் ஒரு பாதை பிரியுது. நேரா ஆத்தூர்."

"இந்தப் பக்கம் வந்திருக்கியா?"

"இல்லக்கா. படத்துலதான் பார்த்திருக்கேன்."

"படத்த நம்பியா அம்புட்டுத் தூரம் நடக்கச் சொல்ற?"

சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார். எனக்குத்தான் பயம். நான் எண்ணாக மட்டுமே அறிந்த பாதை, இல்லாமல் போனால்?

இருந்தது. இருபுறமும் வெங்காயக் காடு, எதிரே மலை. பாதி தூரம் நடந்திருப்போம். தக்காளி ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. புதுச்சேலையில் தங்கை மணையில் உட்கார்ந்தபோது ராகு காலத்துக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்; துடைத்தது வியர்வையை மட்டுமல்ல.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்குத் தெளிந்தது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சிறு பாதைகள் வேண்டும். நடுவில் பெரிய சாலை போதும். ஆனால் பயணம் எங்கே நின்றுபோகிறதோ, அந்த இடமே புதிதாகக் கிளம்பும் இடம். எதையும் நீக்கக் கூடாது; எப்போது பார்ப்பது என்பதே கேள்வி. அப்படி மாற்றி எழுதிய பிறகு கம்ப்யூட்டர் சட்டென்று வழி சொன்னது.

அதற்கு முன்பே, சென்னை திரும்பிய அன்று மாலை, பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழக்கமான தெருவை விட்டு, இத்தனை வருடம் நுழைந்தே பார்க்காத பக்கத்துச் சந்தில் திரும்பினேன். கொஞ்சம் சுற்றுதான்.