புதன்கிழமைப் பிறந்தநாள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி என்றால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பள்ளி விடுமுறை விட்டால் போதும், ஜொகூரில் எங்கள் வீடிருந்த கூலாயிலிருந்து என்னைக் கொண்டுவந்து பக்கத்து ஊரான ஸ்கூடாயில் அத்தை வீட்டில் தள்ளிவிடுவார்கள். அத்தையின் கணவர் ஜெர்மன்காரர். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்தவர், அத்தையைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். தமிழும் எங்களிடமே கற்றுக்கொண்டார். ஜெர்மனியில் தனியாக இருந்த அவருடைய அம்மா, ஞாயிறு தவறாமல் வீடியோவில் கூப்பிடுவார். அங்கே காலை பத்து, இங்கே நாலு. ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்காது.

அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் தலை வாரிக்கொண்டு சோபாவில் உட்கார வேண்டும். தெருவில் பிள்ளைகள் பூப்பந்து ஆடிக்கொண்டிருக்க, நான் பல்லைக் காட்டிக் கையாட்ட வேண்டும். அந்த அம்மா வாரா வாரம் ஒரே கேள்விதான் கேட்பார்: அங்கே மழையா? ஜொகூரில் சாயங்காலம் மழை பெய்யாமல் வேறென்ன பெய்யும்? மாமாவும் சளைக்காமல் போனை ஜன்னல் பக்கம் திருப்பி மழையைக் காட்டுவார். மகனோடு அரை மணி நேரம் பேசுகிறவர், அத்தையிடம் ஒரு ஹலோவோடு நிறுத்திக்கொள்வார். கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. அத்தைக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மாமியார் தன்னை மருமகளாக நினைத்து ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று ஏங்கினார்.

அந்த வருடம் அந்த அம்மாவுக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பிய கொஞ்ச நாளில் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. வந்ததுதான் வந்தது, புதன்கிழமையில் வந்தது. எங்கள் வீடுகளில் பிறந்தநாள் என்பது எல்லோருக்கும் லீவு கிடைக்கிற நாளில்தான் வரும். சிங்கப்பூர் வேலைக்கு விடிவதற்கு முன்பே பாலம் தாண்டுகிற அப்பா புதன்கிழமை எப்படி வருவார்? ஆகவே முந்தின ஞாயிறே கொண்டாடிவிடுவது என்று அத்தை முடிவு செய்தார். மாமாவுக்குக்கூடச் சொல்லவில்லை, சர்ப்ரைஸாம். போனைப் பார்த்து ஜெர்மன் மொழியில் பிறந்தநாள் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு, அந்த வாரம் முழுக்க என் உயிரை வாங்கினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வாய் கோணினால் தலையில் குட்டு வேறு.

அதே பாட்டைப் போனில் கேட்டுப் பழகியிருந்த அப்பாவும் அம்மாவும் ஞாயிறன்று வந்து சேர்ந்தார்கள். நாலு மணிக்கு அந்த அம்மா முத்துமாலை சகிதம் திரையில் தோன்றினார். அத்தை சமையலறையிலிருந்து கேக்கை ஏந்திக்கொண்டு வர, நாங்கள் பாட ஆரம்பித்தோம். மாமா துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு என்னவோ கத்தினார். சந்தோஷத்தில் கத்துகிறார் என்று நினைத்தோம். திரையில் அந்த அம்மா மேசையை டொக் டொக்கென்று தட்டினார். தாளம் போடுகிறார் என்று நினைத்த அப்பா குரலை இன்னும் ஏற்றினார். பாட்டு முடிந்து, அத்தை மெழுகுவத்தியையும் மாமியார் சார்பில் ஊதி அணைத்தார். அப்புறம்தான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். வெளுத்துப்போயிருந்தது. ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர்கள் ஊரில் பிறந்தநாளுக்கு முன்னால் வாழ்த்துவது ஆகவே ஆகாதாம். அப்படி வாழ்த்தினால் அந்த நாளைப் பார்க்க ஆள் இருக்காது என்று பயமாம். மேசையைத் தட்டியது அந்தக் கெட்டதை விரட்டுவதற்காம்.

“அலமாக்! இத முன்னாடியே சொல்லக் கூடாதா மாப்பிள்ள?” என்றார் அப்பா.

“எப்படிச் சொல்றது மச்சான்? சர்ப்ரைஸ்னு என்கிட்டயே மறைச்சிட்டீங்க லா!”

அத்தை கேக்கை அப்படியே ஐஸ்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். ஆபரேஷன் செய்த உடம்பு. புதன்கிழமைக்குள் ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் தலையில்தான் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அம்மா போனில் கெஞ்சினார். மாமா சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனார். நானும் என் பங்குக்குப் போய், “சாப்பிடுங்க அத்தை” என்றேன். வெறும் தேத்தண்ணீரில் ஓட்டினார். ஒரு பாட்டுப் பாடியதற்கு வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கேக்கையும் ஒருத்தரும் வெட்டித் தரவில்லை.

புதன்கிழமை மாமா வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றார், ஆனால் காலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டார். போனை எதிரில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அது அலறியது. மறுபடியும் பாட வைப்பார்களோ என்று நான் குளியலறைப் பக்கம் நழுவப் பார்த்தேன். திரையில் அந்த அம்மா. முத்துமாலை இல்லை, தலை வாரவில்லை, இரவு உடுப்போடு படுக்கையில் உட்கார்ந்திருந்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. மாமாவை அவர் பேசவே விடவில்லை. அத்தையைக் காட்டச் சொன்னார். அத்தை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று நிற்க, மாமா போனை அங்கேயே கொண்டுபோனார். அந்த அம்மா அத்தையை உற்றுப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“இன்னிக்குத்தான் பொறந்தநாளாம். நல்லாத்தான் இருக்காங்களாம்,” என்று மாமா தமிழில் சொன்னார். “நேத்து ராத்திரி நான் மெசேஜ் போட்டிருந்தேன். நீ இன்னும் சாப்பிடலையாமேன்னு திட்டுறாங்க. அவங்க பார்க்கச் சாப்பிடணுமாம்.”

அத்தை அழுதுகொண்டே தட்டை எடுத்தார். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அங்கேயே தரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். எங்கள் குடும்பமே கெஞ்சியும் வாய் திறக்காதவர், முகம்கூடக் கழுவாத ஒரு கிழவி எங்கிருந்தோ அதட்டியதும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.