ஊத்த நான் இருக்கேன், "போதும்" சொல்ல அந்தோணி இல்ல

அந்தோணி போய்ட்டான்.

விடிகாலையில ராணி தங்கச்சி போன் பண்ணுச்சு, அவன் சம்சாரம். "அண்ணே... எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்குறாகண்ணே"ன்னு மட்டும்தான் சொல்லுச்சு. நான் பைக்க எடுத்துட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. தூக்கத்துலயே ஹார்ட் அட்டாக்காம்.

நேத்து சாயங்காலம் என்கூட நின்னு பஜ்ஜி தின்னவன். என் வயசுதான்.

இத டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன். துக்கத்துலன்னு சொன்னா கௌரவமா இருக்கும்... ஆனா பயத்துலதான் டைப் பண்றேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நானும் அவனும் கம்பத்துல ஒரு சின்னப் பட்டறை வச்சு மூங்கில்ல ஃப்ளை ராட்னு ஒரு தூண்டில் கம்பு செய்றோம். மூணாறு பக்கம் ட்ரவுட் மீன் பிடிக்கிறவங்க வாங்குவாங்க, வெளிநாட்டுக்கும் போகும். ஊருக்குள்ள எங்க பேரு தூண்டில் கம்பெனி. கேலிதான்.

இந்தத் தூண்டில்ல புழு மாட்ட மாட்டாங்க, இறகுல செஞ்ச பூச்சி. அதுக்கு எடையே கிடையாது. அதனால வீசுறப்ப நூலோட எடைதான் ராட வளைக்கணும். நூல் லேசா இருந்தா ராட் அசையாது, கனமா இருந்தா தொவண்டு போகும். எந்த ராடுக்கு எந்த நம்பர் நூல்னு கண்டுபிடிக்கிறதுலதான் எங்க பேரே இருக்கு.

ராடோட அடிய மேஜையில க்ளாம்ப் போட்டு, நுனியில ஒரு பாலிதீன் கவரைத் தொங்கவிடுவோம். அதுல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்தணும். ராட் நீளத்துல மூணுல ஒரு பங்கு நுனி கீழ இறங்கணும், சுவத்துல அதுக்குக் கோடு போட்டிருப்போம். கோட்டத் தொட்டதும் நிறுத்தி, அந்தத் தண்ணிய எடை போட்டா எந்த நூல்னு தெரிஞ்சிரும்.

ஊத்துறது நான். கோட்டப் பாத்து "போதும்"னு சொல்றது அவன்.

காத்துல நுனி ஆடும்னு முதல்ல ஃபேன ஆஃப் பண்ணிருவான். கோடையில ரெண்டு பேர் சட்டையும் நனைஞ்சு ஒட்டிக்கும். "ஏலே, தள்ளி நின்னு ஊத்து. ஒன் வேர்வை கவருக்குள்ள விழுந்து நம்பர் மாறிறப் போகுது"ம்பான்.

ஒரே ஒரு தடவை கண்ண எடுத்துட்டான். வீரபாண்டி திருவிழாவுக்குப் போற கூட்டம் ஒண்ணு கொட்டு அடிச்சுக்கிட்டு வாசல்ல போச்சு, ஜன்னல் பக்கம் திரும்பிட்டான். நான் "போதும்" வரும் வரும்னு ஊத்திக்கிட்டே இருக்கேன்... டப்புன்னு ஒரு சத்தம். அவனே மாசக்கணக்கா சீவி ஒட்டுன ராட்.

மூங்கில் முறியிற சத்தம் ரொம்பச் சின்னது. ஆனா வயித்துக்குள்ள கேக்கும்.

"நான் பாக்கல மாப்ள... நான் பாக்கல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அன்னைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸத் திறக்கவே இல்ல. அதுக்கப்புறம் வாசல்ல யானையே போனாலும் கோட்டவிட்டுக் கண்ண எடுக்க மாட்டான்.

நம்பர் எழுதுன ராட வைகை அணைப் பூங்காவுக்குக் கொண்டு போய், புல்தரையில வீசிப் பாப்போம். கொக்கிக்குப் பதிலா செவப்புக் கம்பளி நூல். சுத்திப் பாக்க வந்த ஒரு அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, "தண்ணி அங்கன கெடக்கு, நீங்க என்னய்யா இங்கன வீசுறீக?"ன்னு கேட்டுச்சு. "அங்கன உள்ள மீனுக்கெல்லாம் எங்களத் தெரியும் ஆத்தா, வராது"ன்னான்.

அந்த அம்மா சிரிச்ச சிரிப்பு...

அன்னைக்குப் பூங்காப் படியேறி வர்றப்பதான் அவனுக்கு நெஞ்ச அடைச்சது. வர்ற வழியில தேனியில ஒரு டாக்டரப் பாத்தோம். எனக்கும் இடது தோள்ல வலி இருந்ததால, வந்தது வந்தோம்னு நானும் ECG எடுத்துக்கிட்டேன். டாக்டர் ரெண்டையும் பாத்துட்டு, ரெண்டு பேருமே ட்ரெட்மில் டெஸ்ட் எடுங்கன்னுட்டாரு. மெஷின்ல நடக்கவிட்டு, வேகத்தக் கூட்டிக்கிட்டே போய் நெஞ்சு எவ்வளவு தாங்குதுன்னு பாப்பாங்களாம்.

வெளிய வந்ததும் அந்தோணி சிரிச்சான். "நாம ராடுக்குச் செய்றத அவரு நமக்குச் செய்றேங்குறாருலே. முறிஞ்சா யாரு ஒட்டுறது?"

டெஸ்ட்டுக்கு, இந்த ஆர்டர் போகட்டும்னு சொன்னான். அப்புறம் கிறிஸ்துமஸ் முடியட்டும்னான். நானும் சரி சரின்னேன். அவனுக்கும் பயம், எனக்கும் பயம்... ரெண்டு பேரும் அத வெளிய சொல்லிக்கிட்டதே இல்ல.

ஃப்ளெக்ஸ் அடிக்க அவன் போட்டோ வேணும்னாங்க. எடுக்கப் பட்டறைக்குப் போனேன். நேத்து அவன் முடிச்ச ராட் க்ளாம்ப்லயே இருக்கு. நுனியில காலி கவர் தொங்குது. "காலையில ஊத்திருவோம் மாப்ள"ன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புனான்.

ஃபேன ஆஃப் பண்ணுனேன். சொம்பையும் எடுத்துட்டேன். ஆனா ஊத்த முடியல. கோட்டப் பாத்தா ராட் தெரியல, ராடப் பாத்தா கோடு தெரியல... வச்சிட்டு வந்துட்டேன்.

தோள் இப்பவும் வலிக்குது. நேத்துவரைக்கும் மூங்கில் சீவுற வலின்னு நெனச்சது. இன்னைக்கு ஒவ்வொரு தடவை சுருக்குன்னு இழுக்குறப்பவும் உடம்பு ஜில்லுன்னு ஆகுது. வீட்டுல சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில தேனியில எனக்கு டெஸ்ட். வீட்டுக்காரியும் கூட வர்றா. உள்ள விட மாட்டாங்களாம், கதவுக்கு வெளியதான் நிக்கணுமாம்.

அந்தோணிக்கு இன்னைக்கு நாலு மணிக்கு அடக்கம். தெரிஞ்சவங்க வந்துருங்க.

போய்ட்டு வாடா மாப்ள.

நாளைக்கு நான் அந்த மெஷின்ல ஏறுறப்ப எம்மேல ஒரு கண்ணு வச்சுக்க. பார்வைய எடுத்துறாத...

"போதும்"னு மட்டும் சொல்லிறாதடா.