உரிய அதிகாரிக்கு ஒரு பிரதி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தால் தெஹ்ரானில் ஒரு வயதான மனிதர் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். கடிதத்தை எழுதியவர் என் பெரியப்பா. அதில் மிகப் பெரிய கெடுதலைச் செய்த வரியைக் கொடுத்தவள் நான்.

பெரியப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனுக்கு வந்ததும் அந்த ஓய்வை ரத்துச் செய்துவிட்டார். பஸ் பிந்தினால் கடிதம், குப்பை எடுக்காவிட்டால் கடிதம், நூலகத்தில் கதிரை ஆடினால் கடிதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி கோப்பில் ஏறும். உள்ளூர்க் கவுன்சில் தனக்குப் பயந்துதான் நடக்கிறது என்று அவர் நம்பினார். இன்று நானும் ஒரு கவுன்சிலில் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதும் வேலையில்தான் இருக்கிறேன். அவர்கள் பயந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு அது. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. லண்டன் தமிழர்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் திரண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறுவார். பெரியப்பா காலையிலேயே போயிருப்பார். தொலைக்காட்சிக்காரர்களும் வந்தார்கள். வந்து, ஆர்ப்பாட்டக்காரர் மறித்த பாலத்தையும் நகர முடியாமல் நின்ற வாகனங்களையும் படம் பிடித்தார்கள். நெரிசலில் அகப்பட்டவர்களுக்கு அன்றைய செய்தியில் கிடைத்த அனுதாபத்தில் கால்வாசிகூடப் பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியப்பா எல்லா நிலையங்களுக்கும் எழுதினார். தங்கள் கருத்துக்கு நன்றி என்று எல்லாரும் பதில் போட்டார்கள்.

எங்களுக்காக ஒரு கமரா வந்தது, அதுவும் பக்கத்து வீட்டிலிருந்து. அங்கே ஒரு ஈரானிய அக்கா வாடகைக்கு இருந்தார். லண்டனிலிருந்து பாரசீக மொழியில் ஒளிபரப்பாகும் ஒரு தொலைக்காட்சியில் செய்தியாளர். லீவு நாளொன்றில் சின்னக் கமராவோடு நாடாளுமன்றச் சதுக்கத்துக்கு வந்து, சனத்தோடு பேசி, தன் நிகழ்ச்சியில் இரண்டு நிமிடம் போட்டார். அதைப் பார்க்க எங்களைத் தன் வீட்டுக்கே அழைத்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அம்மா அழுதார். பெரியப்பா எழுந்து நின்றபடி பார்த்தார்.

திரையில் அந்த அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. தபாலில் வேறொரு பெயர் வரும். நடிகைகளைப் போலப் புனைபெயர் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வீட்டில் இல்லாதபோது பார்சல்களை நாங்கள்தான் வாங்கி வைப்போம். அந்த நீளமான பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பது எனக்கு ஒரு விளையாட்டு.

ஜூன் மாதம் ஈரானில் தேர்தல் நடந்தது. தங்கள் வாக்கு எங்கே போனது என்று கேட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதை எழுதிய பத்திரிகைகளை மூடினார்கள், எழுதியவர்களைச் சிறையில் போட்டார்கள். அதோடு விடவில்லை. சிறையில் இருந்தவர்களைக் கமராவுக்கு முன்னால் உட்கார வைத்து, நாங்கள் எழுதியது பொய், வெளிநாட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்ல வைத்து, அதையே செய்தியாகப் போட்டார்கள். கேள்வி கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர்களை எழுதிக் கொடுத்த பதிலை ஒப்புவிக்க வைப்பதற்கு அங்கே ஒரு பிரிவே இருந்திருக்கும். அதற்கும் ஒரு தலைமை எழுதுவினைஞர் இருந்திருப்பார்.

அப்படி உட்கார வைக்கப்பட்டவர்களில் ஒருவர் அக்காவுக்கு வேலை பழக்கிய பத்திரிகை ஆசிரியர். எங்கள் குசினியில் அடுப்பருகே நின்று அம்மாவிடம் அதைச் சொன்னபோது, அந்த ஆசிரியரின் சேர்ட் ஒரு மாதச் சிறையில் அவருக்கு எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதையே அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார்.

பெரியப்பா அன்றே பேனாவை எடுத்தார். அந்த ஆசிரியரை விடுதலை செய்யக் கோரும் மனு அது. இத்தகைய ஆசிரியரிடம் பயின்றவர்கள் எவ்வளவு நேர்மையானவர்கள் என்பதற்குச் சான்றாகப் பக்கத்து வீட்டு அக்காவையும், தமிழருக்காக அவர் செய்த இரண்டு நிமிடத்தையும் ஒரு முழுப் பந்தியில் எழுதினார். சான்று என்றால் திரைப் பெயர் போதாது, முழுப்பெயரும் வீட்டு விலாசமும் வேண்டும்.

"பேர் விலாசம் இல்லாத மனுவை அரச கந்தோரில ஒருத்தரும் கையாலயும் தொடமாட்டினம்," என்றார் என்னிடம். "அந்தப் பிள்ளையின்ர சரியான பேர் என்ன?"

நான் ஓடிப்போய்ப் பார்சல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதினார்.

பிரதிகளின் பட்டியல் நீளமானது: எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர், இங்குள்ள அமைச்சர் ஒருவர், நான்கு பத்திரிகைகள். எல்லாருக்கும் மேலே, ஈரானிய அரசின் உரிய அதிகாரி. யார்மீது முறைப்பாடோ அவருக்கு அறிவிக்காமல் எழுதுவது அநாகரிகம் என்பது பெரியப்பாவின் கச்சேரி ஒழுங்கு.

அம்மாவுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "அத்தான், அந்தப் பிள்ளையிட்ட ஒரு சொல் கேட்டிட்டு அனுப்புங்கோவன்."

"புகழ்ந்து எழுதுறதுக்கு ஆரும் அனுமதி கேக்கிறதே?"

தபால்பெட்டிக்குள் போட்டது நான்தான். எட்டாததால் பெரியப்பா தூக்கிப் பிடித்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் தமிழ் வகுப்பால் வந்த கையோடு, அக்கா கதவைத் தட்டினார். உள்ளே வந்தும் இருக்கவில்லை. தெஹ்ரானில் இருக்கும் தன் அப்பாவை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை, இரண்டு தரம் விசாரணைக்குக் கூப்பிட்டுப் பாஸ்போட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றார். மகள் எந்தப் பெயரில் பேசுகிறாள், எந்தத் தெருவில், எத்தனையாம் இலக்க வீட்டில் இருக்கிறாள் என்று அவர்களே அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதை அக்கா ஆங்கிலத்தில் அப்படியே சொன்னார்:

"உன் மகளுக்கும் தமிழர்களுக்கும் என்ன தொடர்பு?"

அந்தக் கடிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போய் அங்கே சேர்ந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறு. லண்டனில் உள்ள ஒரு செய்தியாளரின் வாயை மூட அவரைத் தொடவே தேவையில்லை. தெஹ்ரானில் அவருடைய அப்பாவைப் பிளாஸ்டிக் கதிரையில் நான்கு மணித்தியாலம் காக்க வைத்தால் போதும். ரத்தம் சிந்தாத, செலவில்லாத, எந்தச் செய்தியிலும் வராத வழி அது. அதைக் கண்டுபிடித்த அயோக்கியர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு அக்கா திரையில் வரவில்லை. செப்டெம்பர் மாதம் வீட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார், விலாசம் தராமல்.

அந்தச் சனிக்கிழமை பெரியப்பா கடிதத்தை மறைக்கவில்லை. கோப்பைத் திறந்து பிரதியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா நின்றபடியே வாசித்தார். வாசித்து முடிய, தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பெயரை உங்களுக்கு யார் சொன்னது?"

"ஒருவரும் இல்லை," என்றார் பெரியப்பா. "நானாகத்தான் பார்த்து எழுதினேன்."

எனக்குத் தாங்க முடியவில்லை. வாழ்நாளில் ஒரு பொய்க் கணக்கும் எழுதாதவர் என்று பெயரெடுத்த மனிதர் என் கண் முன்னால் பொய் சொல்கிறார். அக்காவுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன்: "இல்லை. நான்தான் சொன்னேன். எழுத்துக் கூட்டினதும் நான்தான்."

அம்மா என் தோளைப் பிடித்தார். பெரியப்பா கோப்பை மூடினார். அக்கா குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார்.

"ஒரு எழுத்தும் பிழையில்லை," என்றார். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் பெரியப்பாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. எனக்கு வந்த பாராட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தார் என்பது என் கோபம்.