எழும்பாமல் ஒரு தேத்தண்ணி

நான் வேலை செய்யும் கந்தோரின் சுவரில் ஒரு பிரியாவிடைப் படம் தொங்குகிறது. நாற்பது பேர் மூன்று வரிசையாக இருக்கிறோம். முப்பத்தொன்பது பேரின் கையில் தேநீர்க் கோப்பை. முன்வரிசை நடுக் கதிரையில் மாலையோடு உட்கார்ந்திருப்பவரின் கையில் மட்டும் ஒன்றுமில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, படம் எடுப்பவரைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு சிரிக்கிறார். விருந்து நடந்ததே அவருக்காகத்தான். அன்று அந்த மண்டபத்தில் தேத்தண்ணி கிடைக்காத ஒரே ஆளும் அவர்தான். அந்தப் பிழையைச் செய்தவள் நான். அதனால் வெகுநாள் அந்தச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பாமலேயே என் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பிரதம லிகிதருக்கும் அவர் அக்காதான். கண்டி வாவிக்குக் கிட்ட, படி ஏறினால் மூச்சு வாங்கும் பழைய மாடிக் கட்டடம் எங்கள் கந்தோர். அதன் கீழ்த்தளத்துச் சின்னக் குசினியில் இருபத்தேழு வருடம் தேத்தண்ணி ஊற்றியவர் அவர். திகனயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். காலை பத்து மணிக்கு ஒரு சுற்று, பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு சுற்று. கோப்பைகளின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருப்பார். ஒரு புள்ளி என்றால் சீனி இல்லை. இரண்டு புள்ளி என்றால் அரைக் கரண்டி. மூன்று புள்ளி பிரதம லிகிதருக்கு, டொக்டர் சொன்னதை அவர் கேட்பதில்லை. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் விரதம் என்பதெல்லாம் எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே, திரும்பி வரும் கோப்பையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். விரதக்காரிக்குக் கேட்காமலே பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வரும்.

நான் இரண்டு புள்ளி. ஒரு நாள் சீனி கூடிவிட்டது என்று கோப்பையைத் திருப்பி அனுப்பினேன். இன்னொரு நாள் சூடு ஆறிவிட்டது என்று அனுப்பினேன். மேல்மாடிவரை தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினால் ஆறாமல் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. “இந்தா வர்றேன் மிஸ்” என்று கோப்பையை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கிப் போவார். அவர் தாம் குடிப்பதை நான் பார்த்தது எப்போதாவதுதான். குசினிக் கதவுக்குப் பின்னால், காது உடைந்த ஒரு கோப்பையில், கேத்தலின் அடியில் மிஞ்சியதை நின்றபடியே இரண்டு மடக்கில் முடித்துவிடுவார்.

அவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. எங்கள் கந்தோரில் பிரியாவிடை என்றால் ஒழுங்கு மாறாது: பேக்கரியிலிருந்து ரோல்ஸும் கேக்கும், பிரதம லிகிதரின் பேச்சு, பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம், அக்காவின் தேத்தண்ணி. இந்த முறையும் ஏற்பாடு என் பொறுப்பு. நானும் ஒன்றையும் மறக்கவில்லை என்றுதான் நினைத்தேன். மாலை வந்தது, கடிகாரம் வந்தது, ரோல்ஸ் சூடாகவே வந்தது. அக்கா மெரூன் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, மாலையோடு நடுக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மூன்று மணி ஆகப்போகிறது. நான் அவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, காதில் சொன்னேன்: “அக்கா, எல்லாரும் வந்துட்டாங்க. முப்பத்தொன்பது கோப்பை. இன்னும் தேத்தண்ணி வரல்லயே?”

இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றிக் கதிரையின் முதுகில் மாட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குசினிக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்ற நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை. பிரதம லிகிதர் நேரமாகிறது என்று பேச்சைத் தொடங்கினார். இவரைப் போல ஒருவரைக் கந்தோர் இனிக் காணாது, இவருடைய சேவையை என்றும் மறக்கமாட்டோம் என்று மாலை மாட்டிய வெறுங் கதிரையைப் பார்த்து உருக்கமாகப் பேசினார். பேச்சு முடியும் நேரத்துக்குச் சரியாக அக்கா முதல் தட்டோடு வந்தார். எல்லோரும் கை தட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மறுபடி மாலையைப் போட்டு அவரை உட்காரவைத்துப் படம் எடுத்து முடிந்தபோதுதான் அவருடைய வெறுங்கை என் கண்ணில் பட்டது. குசினிக்கு ஓடினேன். கேத்தலில் ஒரு சொட்டு இல்லை. நான் சொன்ன கணக்கில் அவரைச் சேர்க்கவில்லை, அவரும் தம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன், பின்னாலேயே வந்த அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

“விடுங்க மிஸ். புதன்கிழமை எனக்கு வேற இடத்துல தேத்தண்ணி இருக்கு.”

மலைமேல் இருக்கும் பெரிய ஹோட்டலின் பெயரைச் சொன்னார். மேசை ஒன்றைப் போனில் சொல்லிவைத்து இரண்டு வாரம் ஆகிறதாம். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் கந்தோர்க் கருத்தரங்கு ஒன்று அங்கே நடந்தபோது, கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில் காத்து நின்றிருக்கிறார். அப்போது ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதைக் கண்டாராம். “ஒருத்தர் பக்கத்துல நின்னு ஊத்துறாரு. அந்தப் பொம்பள ஒரு மணித்தியாலம் எழும்பவே இல்ல மிஸ். நானும் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எழும்பவே இல்ல. எனக்கும் அப்பிடி ஒரு தேத்தண்ணி குடிக்கணும். எழும்பாம.” பிறகு கேட்டார்: “துணைக்கு வர்றீங்களா? காசு நான்தான் குடுப்பேன், சொல்லிட்டேன்.”

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டேன். ஓட்டோ ஹோட்டல் வாசல்வரைதான் போனது. அங்கே காவலாளி கையை நீட்டி மறித்து, வேலைக்கு வருகிறவர்களின் வழி பின்பக்கம் என்று சிங்களத்தில் சொன்னான். எனக்கு உடனே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. அக்கா ஓட்டோவிலிருந்து இறங்கி, சேலை மடிப்பைச் சரிசெய்து, “தே பொன்ன ஆவே, மல்லி” என்றார். தேத்தண்ணி குடிக்க வந்தோம், தம்பி. அதில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. மாடிப்படியில் வழி மறித்து நிற்கும் லிகிதர்மாரை இத்தனை வருடம் தட்டோடு விலக்கிய அதே குரல். காவலாளி விலகி நின்று சலூட் அடித்தான். மேட்டுப்பாதையில் அவர் முன்னே நடந்தார், நான் என் செருப்புத் தூசியைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

வரவேற்பு மேசையில் அவருடைய பெயர் எழுதியிருந்தது. விறாந்தை ஓரத்து மேசைக்குக் கூட்டிப்போனார்கள். கீழே வாவி, அதற்கப்பால் நகரம், பஸ் ஹோர்ன் சத்தம் மட்டும் மெல்ல மேலே ஏறி வந்தது. பரிமாற வந்தவர் அலவத்துகொட ஊர்க்காரராம், தமிழ் பேசுகிறவர், ஐம்பது வயதிருக்கும், மீசை நரைத்தவர். தேயிலை வகைகள் எழுதிய அட்டையை அவர் என்னிடம் நீட்டினார். அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நிதானமாக மேலிருந்து கீழே விரலை ஓட்டிவிட்டு, “சாயம் கூடினது எது?” என்று கேட்டார். அவர் காட்டியதையே எடுத்துவரச் சொன்னார். பால் தனியாக.

தேநீர் வந்தது. பரிமாறுபவர் பூப்போட்ட பீங்கான் தேநீர்ப் போச்சியைத் தூக்கிச் சாய்த்தார். அவ்வளவுதான், அக்கா பாதி எழும்பிவிட்டார். மூடி விழுந்துவிடும் என்று அவருடைய கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொண்டது.

“அத நான் பாத்துக்கிறேன் மேடம். நீங்க ஆறுதலா இருங்க” என்றார் அவர்.

அக்கா உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். “அரைவாசிதான் எழும்பினேன். கணக்குல எடுக்காதீங்க மிஸ்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கோப்பை நிறைவதை, ஒரு குழந்தையின் காதுகுத்தைப் பார்க்கிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு வாய் குடித்தார். பீரிசுத் தட்டில் கோப்பையை வைத்தார். “சூடு பத்தல” என்றார்.

பக்கத்து மேசையில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். “பரவாயில்ல அக்கா, குடிச்சிருவோம்” என்றேன்.

“நீங்க எத்தன தடவ திருப்பி அனுப்பியிருக்கீங்க?” என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, கணக்குக் கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் கையை உயர்த்திப் பரிமாறுபவரைக் கூப்பிட்டார். “ஊத்துறதுக்கு முன்ன கோப்பையச் சுடுதண்ணியில அலசல்ல போல. கொஞ்சம் மாத்திக் கொண்டாங்க.” அந்த மனிதர் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். “சரிதான் மேடம். எங்கட பிழை” என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கோப்பையிலிருந்து ஆவி பறந்தது. அக்கா குடித்துவிட்டுத் தலையாட்டினார். “இப்ப சரி.” அந்த இரண்டு சொல்லைக் கேட்டுப் பரிமாறுபவரின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட அக்காவிடம் அப்படிச் சொன்னதில்லை என்பது உறைத்தது.

மூன்றடுக்குத் தட்டு வந்தது. விரலளவு சாண்ட்விச், சின்னச் சின்ன கேக், நடு அடுக்கில் உருண்டையாக இரண்டு. “இது பணிஸா?” என்று கேட்டார். ஸ்கோன் என்று சொன்னேன். முள்ளுக்கரண்டியால் வெட்டுவதா, கத்தியால் வெட்டுவதா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் கையாலேயே இரண்டாகப் பிய்த்து, பட்டரைத் தாராளமாகப் பூசிச் சாப்பிட்டார். “எங்க பேக்கரி பணிஸ் இதவிட மெதுவா இருக்கும். ஆனா ஜேம் நல்லம்” என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்குச் செய்ததற்கு எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நான், “அக்கா, அண்டைக்கு நான்…” என்று இழுத்தேன். “சாப்பிடுங்க மிஸ். வந்த வேலையப் பாப்போம்” என்றார்.

மணி மூன்றானது. எங்கேயும் பார்க்காமலே அது அவருக்குத் தெரிந்துவிட்டது, முதுகு நிமிர்ந்ததிலேயே கண்டுகொண்டேன். அந்த நேரம் பார்த்துத்தானா அவருடைய கைப்பைக்குள் போன் அடிக்க வேண்டும். எடுத்தார். பிரதம லிகிதரின் குரல் மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

“அக்கா, எங்க இருக்கீங்க? கொழும்பில இருந்து பெரிய ஆக்கள் வந்திருக்காங்க. இங்க ஒருத்தருக்கும் ஒழுங்கா ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியல்ல. ஒரு ஓட்டோ பிடிச்சி வந்துட்டுப் போங்களேன். பத்து நிமிச வேலதானே.”

அக்காவின் மற்றக் கை கதிரையின் கைப்பிடியை ஊன்றியது. ஒரு விரற்கடை அளவு அவர் எழும்பியதை நான் என் கண்ணால் கண்டேன். கால் செருப்பைத் தேடியது. போகாதீங்க அக்கா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? மாலையோடு இருந்தவரை எழுப்பியவளே நான்தான். பரிமாறுபவர் போச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றவா என்ற கேள்வியோடு பக்கத்தில் நின்றார். அக்கா அவரைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். பிறகு, அதுவரை கதிரையின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தவர், பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“சேர், நான் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

இருபத்தேழு வருடத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டிருக்கமாட்டார்.

“ஆ… சரி, சரி. குடிங்க, குடிங்க. குடிச்சி முடிஞ்ச பிறகு?”

“முடிஞ்ச பிறகு இன்னொண்ணு குடிப்பேன் சேர்.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்கா கோப்பையை முன்னால் தள்ளி வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். பரிமாறுபவர் ஊற்றினார். நாங்கள் எழும்பும்போது ஐந்தரை மணி.